கீழ்வீட்டு நரி

கீழ்வீட்டு டிவியில் நரி குரைத்தது.

மாடியில் இட்லியைச் சட்னியில் தோய்த்து, வாய்க்குப் பாதி தூரம் கொண்டுபோயிருந்த தாயுமானவனின் கை அப்படியே நின்றுவிட்டது. நரி குரைக்கிற நிகழ்ச்சி டிவியில் ஒன்றே ஒன்றுதான் வருகிறது. அதற்குக் கதை வசனம் எழுதுகிறவன் அவன். அது உறையூரில் ஓடலாம், துவாக்குடியில் ஓடலாம், காவிரிக்கு அக்கரையில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் ஓடலாம். கீழ்வீட்டில் மட்டும் ஓடக் கூடாது.

"குழலி, கீழே என்ன சத்தம்?"

"உங்க நரிதான்" என்றாள் மட்டுவார்குழலி, அடுப்படியிலிருந்தபடி.

"அவங்க வீட்டுல பக்திச் சேனலும் நியூஸும்தானே ஓடும்?"

"அது பழைய டிவி. மக புதுசு வாங்கி அனுப்பியிருக்காளாம், நேத்துதான் மாட்டினாங்க. எல்லாச் சேனலும் வருதுன்னு அந்தம்மா மாடிப்படி வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

மலைக்கோட்டைச் சுவாமியின் பேர் அவனுக்கு, அம்மனின் பேர் அவளுக்கு. ஜாதகத்தில் ஒத்துவராத நாலைந்து பொருத்தங்களை இரு வீட்டாரும் இந்தப் பேர்ப் பொருத்தத்தைப் பார்த்தே மன்னித்துவிட்டார்கள். குழலிக்கு இப்போது ஏழாம் மாதம். அவள் அம்மா வையம்பட்டியிலிருந்து தினமும் போன் செய்து அதே கட்டளைகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, அடுப்பை மாற்றக் கூடாது, வீட்டை மாற்றவே கூடாது.

வீட்டை மாற்றுவது அவர்கள் கையிலா இருக்கிறது? வீட்டுக்காரர் ரெங்கராஜ் கையில் இருந்தது. தாயுமானவன் பயந்ததும் அதற்குத்தான்.

'டவுனுக்கு வந்த நரி' என்பது கார்ட்டூன் தொடர். வையம்பட்டிப் பக்கத்துக் கரட்டுக் காட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, திருச்சியில் குடியேறி, ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் ஒரு நரியின் கதை. எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் நாலு கம்ப்யூட்டர்களைப் போட்டு ஜெய்சங்கர் என்பவர் அதைத் தயாரித்து வந்தார். மில் ஓடும்போது தரையெல்லாம் அதிரும். அது நிற்கும் நேரம் பார்த்துத்தான் நரி பேச முடியும்.

முதலில் தொடர் படுத்துவிட்டது. தாயுமானவன் சுபாவத்தில் சாது. அவன் எழுதிய நரியும் சாதுவாகவே இருந்தது. ஏமாற்றிய ஆளிடம் அடுத்த காட்சியிலேயே போய் மன்னிப்புக் கேட்டது.

"யோவ் தாயு, நான் நரி கேட்டேன். நீ நல்லாசிரியரை எழுதிட்டு வந்திருக்கே" என்று ஜெய்சங்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஸ்ரீரங்கத்தில் ரெங்கராஜ் வீட்டு மாடிக்குக் குடிவந்தான். கார்ட்டூன் எழுதுகிறேன் என்றால் வீடு கிடைக்காது என்று, கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்தான்.

ரெங்கராஜ் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் வாசல் இறங்க மாட்டார். வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை தொங்கும். நாய் கிடையாது. நன்கொடை கேட்டோ எதையாவது விற்கவோ யாராவது மணி அடித்தால், ரெங்கராஜ் கதவுக்குப் பின்னால் நின்று தானே குரைப்பார். நன்றாகவே குரைப்பார். முதல் நாள் அதைக் கேட்டு தாயுமானவன் இரண்டு படி பின்வாங்கினான். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்துவிட்டான்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது எல்லோரும் செய்வதுதான். ரெங்கராஜ் பையில் மூன்று துண்டுகள் இருக்கும். மூன்று சீட்டுகளில் போடுவார். ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு, மற்ற இரண்டையும் நிற்கிறவர்களில் திடகாத்திரமான இருவருக்குப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பார். ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் அந்த இருவரும் கூடப்பிறந்தவர்களைப் போல அவருடைய அரிசிப் பையையும் காய்கறிப் பையையும் வீட்டு வாசல்வரை சுமந்துகொண்டு வருவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அவர் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "நமக்கு எதுக்குங்க வம்பு?"

குடை, பலகை, குரைப்பு, துண்டு, வம்பு எல்லாம் அப்படியே நரிக்குப் போயின. தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் டீச்சரைப் பார்த்து "நமக்கு எதுக்குங்க மிஸ் வம்பு" என்றார்கள்.

இப்போது அந்த நரி கீழ்வீட்டுக் கூடத்துக்கே வந்து குரைத்துக்கொண்டிருந்தது. தாயுமானவன் மாடிப்படியில் பாதி இறங்கிக் காதைத் தீட்டினான்.

"என்ன செய்யறாரு? சிரிக்கிறாரா?" என்று குழலி மேலேயிருந்து கிசுகிசுத்தாள்.

"சத்தமே இல்ல."

"அப்ப கோபமாத்தான் இருப்பாரு. காலண்டருக்கு ஆணி அடிச்சாங்கன்னு நமக்கு முந்தி இருந்தவங்களைக் காலி பண்ண வெச்சவரு. அவங்களுக்கு முந்தி இருந்தவரு 'பெரிசு'ன்னு கூப்பிட்டதுக்கே வெளியில போனாரு. நீங்க நரின்னு கூப்பிட்டிருக்கீங்க."

"என் பேரு கடைசியில வருமே, பார்த்திருப்பாரோ?"

"அது ஓடற வேகத்துக்கு நானே இதுவரைக்கும் பார்த்ததில்ல" என்றாள் குழலி.

மறுநாள் காலை மாவு மில் மாடியில் தாயுமானவன் முதல் வேலையாக ஜெய்சங்கரிடம் போனான்.

"சார், நரி கையில இருக்கற குடையை எடுத்துடுவோம்."

"ஏன்யா?"

"பழசாயிடுச்சு சார். ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டலாம். எங்க பார்க்குதுன்னே தெரியாது, காமெடி நல்லா வரும்."

ரெங்கராஜுக்குக் கண் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. எதிர்வீட்டு மாடியில் காயும் வடாம் எத்தனை என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். கண்ணாடி மாட்டிய நரிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று தாயுமானவன் கணக்குப் போட்டான். படம் வரையும் பானு நரியின் குடையைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அது ஒளிபரப்பாயிற்று. தாயுமானவன் நிம்மதியாகத் தூங்கினான்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பியவன், வாசல் தூணில் மோதிக்கொண்டு நின்ற ரெங்கராஜைப் பார்த்தான். கையில் குடை இல்லை. முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கண்ணாடி.

"என்ன சார், கண்ணுக்கு என்ன?"

"நீர் வடியுது தம்பி" என்றார் அவர், தூணைப் பார்த்து.

தாயுமானவன் மாடிக்கு வந்து செய்தியைச் சொன்னதும் குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ! முன்னாடியாவது நடையை, பேச்சைத்தான் கிண்டல் பண்ணீங்க. இப்ப வியாதியை இல்ல கிண்டல் பண்ணிட்டீங்க!"

"எனக்கு எப்படித் தெரியும் குழலி, அவருக்குக் கண்ணு வலின்னு?"

"பாவம், எத்தனை நாளா வடியுதோ! அந்தக் கண்ணோட டிவியைப் பார்த்திருப்பாரே, மனசு என்ன பாடுபட்டிருக்கும்!"

அவர் எந்த நாளிலிருந்து கண்ணாடி மாட்டுகிறார் என்று விசாரித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பயந்தவன் விசாரிக்க மாட்டான். மறுநாளே மில் மாடிக்கு ஓடி, நரியின் கண்ணாடியைக் கழற்றச் சொன்னான்.

"கழட்டிட்டு?" என்றார் ஜெய்சங்கர். "யோவ், கண்ணாடி நல்லா பேசப்படுதுய்யா. அதைவிடப் பெருசா ஏதாவது குடுத்தாத்தான் கழட்டுவேன்."

தாயுமானவன் யோசித்தான். ரெங்கராஜ் ஆயுசில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. பஸ், இல்லாவிட்டால் நடை. ஆகவே நரிக்கு ஒரு பழைய மொபெட் வாங்கிக் கொடுத்தான். நரி அதில் ஏறிக் காவிரிப் பாலத்தில் தாறுமாறாகப் போயிற்று. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலை நேரம், வீட்டு வாசலில் இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. தாயுமானவன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். கேட்டில் முன்சக்கரத்தைக் குத்திக்கொண்டு ஒரு மொபெட் நின்றது. அதன்மேல் ரெங்கராஜ் இருந்தார். இரண்டு கால்களும் தரையில், இரண்டு கைகளும் பிரேக்கில், கண்கள் மூடியிருந்தன.

"சார்! அடி பட்டுடுச்சா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. முட்டி வலி, நடக்க முடியல. அதான் வண்டி."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஆனந்தவள்ளி வந்து கேட்டின் வளைவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், கடைசியாக மாடியை நிமிர்ந்து தாயுமானவனைப் பார்த்தாள். அந்தக் கடைசிப் பார்வை மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது. அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"முதல்ல கண்ணு, இப்ப முட்டி" என்று குழலி விரல் மடக்கினாள். "உங்களுக்கு என்ன கருநாக்கா? நீங்க நரிக்கு எதை எழுதினாலும் அது அவருக்கு வந்து சேருது. அடுத்தது நெஞ்சு வலியை எழுதிடாதீங்க. புண்ணியமாப் போகும்."

"உடம்புப் பக்கமே போகமாட்டேன். பேச்சை மாத்திடறேன். 'நமக்கு எதுக்குங்க வம்பு'தான் இருக்கறதிலேயே ஆபத்து."

மில் மாடியில் இதைக் கேட்டதும் ஜெய்சங்கர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அந்த வசனத்தை எடுக்கறதா? ஊரே சொல்லுதுய்யா!"

"சார், நரி திடீர்னு செந்தமிழ்ல பேச ஆரம்பிச்சா? யார்கிட்டயும் மாட்டாம ஏமாத்தறதுக்காக, பெரிய படிப்பாளி மாதிரி வேஷம் போடுது. பஸ்ல துண்டு போட்டுட்டு, 'அன்பரே, இவ்விருக்கை ஏற்கெனவே என்னால் கைக்கொள்ளப்பட்டது'ன்னு சொல்லுது."

ஜெய்சங்கர் சிரித்த சிரிப்பில் கீழே மில்காரர் வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார்.

நரி செந்தமிழ் பேசியது. அந்த வாரம் கீழ்வீட்டில் டிவியின் சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததை தாயுமானவன் கவனித்தான். ஒரு தடவை முடிந்ததும் செல்போனில் இன்னொரு தடவை ஓடியது. சாட்சியத்தை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மோட்டார் போடக் கீழே இறங்கியபோது ரெங்கராஜ் வழிமறித்தார்.

"வணக்கம் தம்பி. நலமாக இருக்கின்றீர்களா?"

தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று தாயுமானவன் திரும்பிப் பார்த்தான். "இ... இருக்கேன் சார்."

"மேல்தளக் குழாயில் நீர் தடையின்றி வருகின்றதா?"

"வருது சார். வருகிறது."

"மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடும் கொடியில் கழுத்து மாட்டாமல் குனிந்து அவர் உள்ளே போனார்.

தாயுமானவன் மோட்டாரைப் போட மறந்து மேலே ஓடி வந்தான். "தெரிஞ்சுபோச்சு குழலி! என்னையே குத்திக் காட்டறாரு. எழுத்துத் தமிழ்ல பேசறாரு!"

குழலி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கூடப் பிறந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டால்தான் 'வாருங்கள், போங்கள்' என்று பேசிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் குடித்தனக்காரனிடம் அப்படிப் பேசினால் அதற்கு அடுத்தபடியாக வருவது வக்கீல் நோட்டீஸ்தான்.

"எனக்கு இந்த வீடு வேணுங்க" என்றாள் அவள். "மூணு வீடு மாறியாச்சு. ஒரு இடத்துலயாவது ஒரு தூளியைக் கட்டி நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன். இந்த வயித்தோட நான் எப்படிப் பாத்திரத்தை மூட்டை கட்டுவேன்?"

அதுவரை வேடிக்கையும் பயமுமாக இருந்த தாயுமானவனுக்கு அப்போதுதான் நெஞ்சு கனத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நரியை எழுதிப் பேர் வாங்கிய கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் அதை அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைசியில் குழலியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவருகிட்ட இப்ப இல்லாதது, இனிமேலும் வர முடியாதது ஏதாவது ஒண்ணை நரிக்குக் குடுங்க. பார்த்த உடனே 'சே, இது நான் இல்ல'ன்னு அவருக்கே தோணணும்."

"அப்படி என்ன இருக்கு?"

கீழேயிருந்து ஆனந்தவள்ளியின் குரல் கேட்டது. "காபி ஆறுதுங்க! எத்தனை தடவ கூப்பிடறது!" நாற்பது வருஷமாக அதே குரல், அதே காபி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கல்யாணம்!" என்றாள் குழலி.

ஜெய்சங்கருக்கு இது தேனாக இனித்தது. வெயிலோடு மழை பெய்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று சின்னப் பிள்ளைகள் கூவுவார்களே, அதையே எடுத்துக்கொண்டார்கள். மணமகள் காக்காய். ஆனால் அது கடைசி நிமிஷம்வரை ரகசியம். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் விளம்பரம் வந்தது. நரி பட்டுவேட்டி கட்டி, வாலுக்கு மை பூசி, மாலையோடு நின்றது. 'அடுத்த வாரம் நரிக்குக் கல்யாணம்! மணமகள் யார்?'

கீழ்வீட்டில் ஒரு டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

மறுநாள் ரெங்கராஜ் படிக்கட்டின் அடியில் காத்திருந்தார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, தங்களிடம் மிக முக்கியமான செய்தி ஒன்றைக் கேட்க வேண்டியுள்ளது. தனிமையில்" என்றார்.

"இப்ப அவசரம் சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று தாயுமானவன் தெருவுக்கு ஓடினான். அந்த வாரம் முழுவதும் ஓடினான். அவர் விழிக்கும் முன் கிளம்பி, அவர் கோயிலுக்குப் போன பிறகு திரும்பினான். ஒரு நாள் பின்பக்கச் சந்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். இன்னொரு நாள் மணியடித்த கூரியர்காரரை விரட்ட, ரெங்கராஜ் எழுந்து வருவதற்குள் மாடியிலிருந்து தானே குரைத்துத் தொலைத்தான். அதை மட்டும் அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயிலில் திடீரென்று மழை தூறத் தொடங்கியது. மாடிக் கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்த தாயுமானவன், ரெங்கராஜ் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தான். மடிப்புக் கலையாத சட்டை, தலையில் ஒரு நரையும் இல்லை. வக்கீல் வீட்டுக்குத்தான் என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஆனந்தவள்ளி படியேறி வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. "குழலிக்குப் புளிச்சாதம். வாய்க்கு நல்லா இருக்கும்" என்று அதைக் குழலியிடம் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள். முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல தம்பி."

தாயுமானவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. துணி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஒரே மூச்சில் கொட்டினான்.

"நீங்க சொல்லவே வேண்டாம்மா. நானே ஒத்துக்கறேன். கம்ப்யூட்டர் வேலைன்னு பொய் சொன்னேன். அந்த நரி கதை எழுதறது நான்தான். குடை, துண்டு, குரைக்கிறது எல்லாம் சார்கிட்டேருந்து திருடினதுதான். தப்பை மறைக்கிறதுக்காக ஒண்ணொண்ணா மாத்தினேன். அது கண்ணு வலியிலயும் முட்டி வலியிலயும் போய் முடிஞ்சுடுச்சு. கால்ல வேணும்னாலும் விழறேன். பிரசவம் ஆகற வரைக்கும் மட்டும் எங்களைக் காலி பண்ணச் சொல்லாதீங்கம்மா."

குழலி தூக்குவாளியை அணைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. வெளியே வெயிலும் மழையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன.

ஆனந்தவள்ளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலி பண்றதா? கதை வசனம் தாயுமானவன்னு முதல் நாளே பேரைப் படிச்சுட்டு, 'அந்த நரி நான்தான்'னு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தாரு தம்பி உங்க சாரு. நீங்க கண்ணாடி மாட்டினீங்க, நல்லா இருந்த கண்ணுல மாட்டினாரு, வண்டி வாங்கினீங்க, வாங்கினாரு, தமிழைக்கூட மாத்தினாரு, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். இப்ப தலைக்கு மை பூசிக்கிட்டு பட்டுவேட்டி எடுக்கப் போயிருக்காரு, பொண்ணு யாருன்னு உங்ககிட்ட கேட்கணும்னு ஒரு வாரமா துடிக்கிறாரு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் கல்யாணத்தை மட்டும் நிறுத்திடுங்க தம்பி!"